காற்றில் தொடங்கிய கோடுகள்

கோலார் தங்கவயலின் அடியாழத்தில் 1970களில் எடுத்த சில படங்களைப் பற்றி எங்கள் துறை ஆட்களிடம் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. பேச்சை எடுத்ததுமே சிலர் லேசாகச் சிரித்துவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். வேறு சிலர், "அதை யாரும் மறுத்துக் காட்டலையே சார்" என்று இழுப்பார்கள். இரு தரப்போடும் டீ குடித்திருக்கிறேன். இரு தரப்பிடமும் எனக்குச் சண்டை உண்டு.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். துகள் உணர்கருவிகளைச் சோதிப்பதும் அவை தரும் தரவை அலசுவதும் என் பிழைப்பு. போடிக்கும் தேவாரத்துக்கும் இடையில், பொட்டிப்புரம் அம்பரப்பர் மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து ஊருக்குப் போனால் விசாரணை தப்பாது. தேவாரத்தில் ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "ஏப்பா, அந்தத் துகள் இருக்கா, இல்லையா? ஒரே பேச்சாச் சொல்லிரு." நியூட்ரினோ இருக்குதுங்கய்யா, 1956லயே பிடிச்சுக் காட்டிட்டாங்க என்றேன். "அப்ப இன்னும் என்னத்தத் தேடுறீங்க?" என்றார். அதற்குத்தான் ஒரே பேச்சாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு கருவி பார்த்தேன் என்கிறது, இன்னொரு கருவி இல்லவே இல்லை என்கிறது, இரண்டுக்குப் பின்னாலும் நாணயமான ஆட்கள் நிற்கிறார்கள். அப்படிப்பட்ட துகள்கள் ஒரு வரிசையே இருக்கின்றன. அவற்றை எடைபோடும் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் நாட்டிலேயே, ஒரே சுரங்கத்திலிருந்தே, அதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் கிடைக்கின்றன.

கோலார் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் தங்கச் சுரங்கத்தின் பல ஆழங்களில் கருவியை இறக்கி, வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்கள் ஒவ்வொரு ஆழத்திலும் எவ்வளவு குறைகின்றன என்று எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை சரிந்தது. மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் கருவியை ஓடவிட்டும் ஒரு மியூவான்கூடப் பதியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கருவி கெட்டுவிட்டது என்று மூட்டைகட்டியிருப்பார்கள். மியூவானே வராத இடம் என்றால் நியூட்ரினோவைப் பிடிக்க அதைவிடத் தோதான இடம் வேறில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், வி.எஸ். நரசிம்மம் ஆகியோரோடு ஜப்பானின் ஒசாகாவும் இங்கிலாந்தின் டர்ஹமும் கைகோத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை 1965இல் பதித்தார்கள். அதே மாதங்களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஃபிரெடெரிக் ரைன்ஸ் குழுவும் அதையே பதித்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சுரங்கங்கள், ஒரே பதில். அதில் சண்டைக்கு இடமில்லை.

சண்டைக்கு இடம் வைத்தவை பின்னால் வந்தன.

முதலில் புரோட்டான் சிதைவை எடுத்துக்கொள்கிறேன். அது தீர்ந்துபோன வழக்கு. தீர்ந்த விதம்தான் பாடம். அணுவின் கருவில் இருக்கும் புரோட்டானுக்கும் ஒரு நாள் சாவு உண்டு என்று 1970களில் சில கோட்பாடுகள் சொல்லின. அதைப் பார்க்க 140 டன் இரும்புக் கருவி ஒன்றைக் கோலாரில் கட்டி, 1980 கடைசியிலிருந்து ஓட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே, கருவிக்குள்ளேயே தொடங்கிக் கருவிக்குள்ளேயே முடிந்த சில நிகழ்வுகள் பதிந்தன. புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அது சரியென்றால் புரோட்டானின் ஆயுள் ஏறத்தாழ பத்தின் 31ஆம் அடுக்கு ஆண்டு. உலகமே திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில் ஒரு கைக்கணக்கு போட்டுப் பார்க்கலாம். 140 டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து பத்தின் 31ஆம் அடுக்கைப் போல எட்டு மடங்கு இருக்கின்றன. ஆயுள் பத்தின் 31ஆம் அடுக்கு என்றால் ஆண்டுக்கு எட்டுச் சாவு விழ வேண்டும். சரி, அதே கருவியில் நியூட்ரினோ எத்தனை மோதும்? காற்றுமண்டல நியூட்ரினோக்கள் ஆயிரம் டன்னில் ஆண்டுக்கு நூறுக்குச் சற்று மேல் மோதும். 140 டன்னில் பதினைந்து, இருபது. தேடுவது எட்டு, அதைப்போலவே வேஷம் போடக்கூடியது பதினைந்துக்கும் மேல். மோதல்களில் பெரும்பாலானவை வேறு மாதிரி இருக்கும், பிரித்துவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் சில பிரியாது. 1965இல் பெருமையோடு கண்டுபிடித்த துகளே 1982இல் குழப்பவாதியாக வந்து நின்றது.

அப்போது அமெரிக்காவில் ஓஹயோ மாநிலத்து உப்புச் சுரங்கம் ஒன்றில் ஐ.எம்.பி. என்ற பெரிய தண்ணீர்த் தொட்டி ஓடத் தொடங்கியிருந்தது. அதில் நம்பிக் கணக்கில் எடுக்கக்கூடிய உட்பகுதியே 3,300 டன். கோலார் சொன்ன ஆயுள் சரியென்றால் அங்கே ஆண்டுக்கு இருநூறு சிதைவாவது நடக்க வேண்டும். அது முக்கியமாகத் தேடிய சிதைவு வகையில் ஒன்றுகூட அகப்படவில்லை. ஜப்பானின் கமியோகாண்டேவிலும் இல்லை. பிறகு வந்த சூப்பர் கமியோகாண்டே இந்த வகைச் சிதைவுக்கான ஆயுளைப் பத்தின் 34ஆம் அடுக்குக்கு மேலே தள்ளிவிட்டது. கோலாரில் பார்த்தவை நியூட்ரினோ மோதல்களே என்பது இன்றைய தீர்ப்பு. எனக்கும் அதில் மறுபேச்சில்லை.

இந்தத் தீர்ப்பு ஏன் உறுதியானது என்று கவனிக்க வேண்டும். புரோட்டான் சிதைவு எடையைப் பொறுத்தது. எத்தனை டன் வைத்திருக்கிறோமோ அத்தனை மடங்கு நிகழ்வு வர வேண்டும். ஆகவே பெரிய தொட்டியின் மௌனத்துக்குச் சின்னக் கருவியின் பேச்சைவிட மதிப்பு அதிகம். அந்தத் தொட்டி பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. பார்க்கும் கண்ணும் அதற்கு இருந்தது. பார்த்து, இல்லை என்றது.

இனி அந்தப் படங்கள்.

அதே சுரங்கத்தில் நியூட்ரினோவுக்கென்று கட்டிய கருவிகளில் ஒளிர் பிளாஸ்டிக் பலகைகளும், நியான் வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் அடுக்குகளும் இருந்தன. துகள் போன வழியில் குழாய்கள் பளிச்சென்று எரியும். அதைக் கேமரா படம் பிடிக்கும். வழக்கமாக என்ன தெரியும்? பாறைக்குள் எங்கோ நியூட்ரினோ மோதி, அதிலிருந்து ஒரு மியூவான் புறப்பட்டு, கருவிக்குள் ஒற்றைக் கோடாக நுழைந்து வெளியேறும். சில படங்களில் மட்டும் இரண்டு, மூன்று கோடுகள் விரிந்து கிடந்தன. அவற்றைப் பின்னோக்கி நீட்டினால், சந்திக்கும் புள்ளி பாறையில் விழவில்லை. பாறைச் சுவருக்கும் கருவிக்கும் இடையே இருந்த காற்றில் விழுந்தது.

கோலார் பாறை ஒரு கன மீட்டர் மூன்று டன் கனக்கும். அதே அளவு காற்று 1.2 கிலோ. நியூட்ரினோ கண்ணை மூடிக்கொண்டு மோதுகிற ஜாதி, எங்கே பொருள் அதிகமோ அங்கே அதிகம் மோதும். காற்றில் ஒரு மோதல் நடந்தால் அதே அளவு பாறையில் 2,500 மோதல் நடந்திருக்க வேண்டும். ஆக, காற்றில் நியூட்ரினோ மோதியது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பாறையில் பிறந்த ஏதோ ஒன்று, வெளியே வந்து, காற்றில் கொஞ்ச தூரம் பறந்து, அங்கே சிதைந்திருக்கிறது என்று எம்.ஆர். கிருஷ்ணசாமி, மேனன், நரசிம்மம் உள்ளிட்டோர் 1975இல் 'பிசிக்ஸ் லெட்டர்ஸ் பி' இதழில் எழுதினார்கள். புதுத் துகள், புரோட்டானைவிடக் கனமானது, ஆயுள் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில். கையில் இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய படங்கள். பின்னால் புரோட்டான் சிதைவுக் கருவிகளிலும் இந்த மாதிரி ஒன்றிரண்டு பதிந்தன. 'கோலார் நிகழ்வுகள்' என்ற பெயர் நிலைத்தது.

அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்திலும் ஐரோப்பாவின் செர்னிலும் உடனே தேடிப் பார்த்தார்கள். முடுக்கியில் உண்டாக்கிய நியூட்ரினோக் கற்றையைப் பொருள்மீது பாய்ச்சி, இப்படி ஏதும் கிளம்புகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. விஷயம் அத்தோடு கிடப்பில் போனது.

சிரித்துவிட்டுப் போகிற நண்பர்களிடம் என் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முடுக்கிச் சோதனை எதை மறுத்தது? 'நியூட்ரினோ பாறையில் மோதும்போது அந்தத் துகள் பிறக்கிறது' என்ற விளக்கத்தை மறுத்தது. காற்றில் கோடுகள் தொடங்கின என்ற பார்வையை அது தொடக்கூட இல்லை. சூப்பர் கமியோகாண்டே 50,000 டன் தண்ணீர், அதுவே பார்க்கவில்லையே என்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் காற்று ஏது? கோலார் படங்களின் ஒரே அடையாளமே கோடுகள் வெற்று இடத்தில் தொடங்கியது என்பதுதான். தண்ணீருக்குள் அப்படி ஒன்று நடந்தால் சாதாரண நியூட்ரினோ மோதலோடு மோதலாக அது கலந்துவிடும். புரோட்டான் வழக்கில் தீர்ப்பு சொல்லத் தகுதி பெற்ற அதே தொட்டி வகைக்கு இந்த வழக்கில் அந்தத் தகுதி கிடையாது.

"யாரும் மறுக்கலையே" என்று இழுப்பவர்களிடம் வேறு சண்டை. நியான் குழாய்ப் படத்தை நான் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டேன். துகள் எங்கே போனது என்று அது சொல்லும். எந்தக் கோடு முதலில், எது பிறகு என்று சொல்லாது. ஒரு மியூவான் உள்ளே வந்து, எதிலோ அடிபட்டு, வேறு சில துகள்களை வேறு திசையில் தள்ளியிருந்தாலும் படத்தில் அதேபோல் ஒரு விரிவு தெரியக்கூடும். கோட்டைப் பின்னோக்கி நீட்டுவதிலும் பிசகு உண்டு. குழாயின் பருமன் அளவுக்குக் கோட்டின் இடம் நிச்சயமில்லை என்றால், நீட்ட நீட்ட அந்தச் சின்னப் பிசகு வளர்ந்துகொண்டே போகும். சுவருக்குச் சற்று வெளியே விழுந்த புள்ளி, உண்மையில் சுவருக்குள்ளேயே இருந்திருக்கலாம். எல்லாப் படங்களுக்கும் இது பொருந்தாது, சிலவற்றில் புள்ளி சுவரிலிருந்து நன்றாகவே தள்ளி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவியோடு புழங்கியவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்பாகவே வரும். பொட்டிப்புரம் மலைக்குள் வைப்பதாக இருந்த ஐகால் கருவிக்கு முன்மாதிரியாக, 85 டன்னில் ஒரு சின்ன ஐகால் 2018 முதல் மதுரையில் ஓடுகிறது. அதில் இருப்பவை ஆர்.பி.சி. என்னும் கண்ணாடிப் பெட்டிகள். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு, குறுக்கே சுமார் பத்தாயிரம் வோல்ட். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பெட்டி ஒன்றின் வழியாக நிமிடத்துக்கு ஏறக்குறைய 40,000 மியூவான் பாய்கிறது. திரையில் ஒரு நல்ல மியூவானைப் பார்த்தால் மனசுக்கு நிறைவாக இருக்கும்: மேலடுக்கிலிருந்து கீழடுக்குவரை ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, காந்தப் புலத்தில் சற்றே வளைந்த ஒழுங்கான பாதை. ஆனால் அதே திரையில் பொய்யும் வரும். ஈரப்பதம் ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறும், சமிக்ஞையை வாங்கும் பட்டைகளில் ஏதாவது ஒன்று சும்மாவே கத்திக்கொண்டிருக்கும். ஒரு பட்டையில் விழுந்த அடி பக்கத்துப் பட்டையிலும் எதிரொலித்து, ஒரு துகள் இரண்டாகத் தெரியும். இரண்டு அடுக்கில் மட்டும் பார்த்தால் அந்த எதிரொலியை வைத்தே அழகான ஒரு 'விரிவு' வரைந்துவிடலாம். ஆறு, ஏழு அடுக்கில் தொடர்ந்து வந்தால்தான் நான் அதைக் கோடு என்பேன். ஆர்.பி.சி.க்கு இன்னொரு வசதி உண்டு. நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்கு அது நேரம் சொல்லும். ஒளி அந்த நேரத்தில் முப்பது சென்டிமீட்டர் போகும். சில மீட்டர் நீளக் கோட்டில் எந்த முனை முந்தியது, எது பிந்தியது என்று பிரிக்க அது தாராளம். கோலார் படங்களில் இல்லாமல்போனது அதுதான்.

முரண்படும் முடிவுகளைக் கையாள எங்கள் துறையில் ஒரு சுலபமான பழக்கம் உண்டு: சராசரி எடுத்துவிடுவது. முடிவுகள் முட்டிக்கொண்டால் துகள் தரவுக் குழு பிழை எல்லையைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, சராசரியைத் தரும். அது நேர்மையான ஏற்பாடு. ஆனால் அதையே உண்மை என்று நம்பினால் வம்பு. தனி நியூட்ரானின் ஆயுளை, குடுவையில் அடைத்து அளந்தால் 878 நொடி, கற்றையாகப் பாயவிட்டு அளந்தால் 888 நொடி. நடுவில் 883 என்று போட்டால், உலகத்தில் யாருமே அளக்காத ஓர் எண்ணை எழுதியதாகும். ஒரே லாட் ஏலக்காயில் இரண்டு சாம்பிள் ஒத்துவரவில்லை என்றால் போடி வியாபாரி இரண்டையும் கலந்து நடுவிலை போட மாட்டார். லிட்டர் வெயிட்டைப் பார்ப்பார், கலரைப் பார்ப்பார், எந்த ஸ்டோரில் காய வைத்தது என்று விசாரிப்பார், மூட்டையைக் கொட்டச் சொல்வார். ஒவ்வொரு சோதனையையும் தனித்தனியாகக் கொட்டிப் பார்க்காமல் நானும் விலை சொல்வதில்லை.

ஸ்டெரைல் நியூட்ரினோ விவகாரத்தில் அப்படிக் கொட்டிப் பார்த்தது பலன் தந்தது. நமக்குத் தெரிந்த மூன்று வகை நியூட்ரினோவுக்கு மேல், எதோடும் உறவாடாத நான்காவது ஒன்று இருக்கலாம் என்று 1990களில் லாஸ் அலமோஸின் எல்.எஸ்.என்.டி. சோதனை கிளப்பிவிட்டது. எதிர்பார்த்ததைவிட எண்பத்தெட்டு நிகழ்வு போல அதிகம் என்றது. இங்கிலாந்தின் கார்மென் சோதனை அப்படி ஏதும் இல்லை என்றது. ஆனால் எல்.எஸ்.என்.டி. நியூட்ரினோ பிறந்த இடத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தது. கார்மென் நின்றது 17.7 மீட்டரில். வகை மாறுவதற்குத் தூரம் வேண்டும் என்னும்போது, பக்கத்தில் நின்றவரின் 'இல்லை' பாதிப் பதில்தான். பிறகு ஃபெர்மி ஆய்வகத்தின் மினிபூன் 2018இல் தனக்கும் உபரி தெரிகிறது என்றது, அதுவும் 4.7 சிக்மா அளவில். செய்தித்தாள்களில் நான்காவது நியூட்ரினோ பிறந்தேவிட்டது.

மினிபூன் கனிம எண்ணெய் நிரப்பிய உருண்டை. அதில் ஓர் எலெக்ட்ரானும் ஒரு ஒளித்துகளும் ஒரே மாதிரி வளையம் போடும். உபரியாக வந்தவை எலெக்ட்ரான் என்றால் புது நியூட்ரினோ. ஒளித்துகள் என்றால் வேறு ஏதோ பழைய சமாச்சாரம். சிக்மா எத்தனை என்பது 'உபரி இருக்கிறது' என்பதற்கு உத்தரவாதம். உபரி என்ன ஜாதி என்பதற்கு அந்த எண் வாயே திறக்காது. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம். அதே கற்றையின் பாதையில் மைக்ரோபூன் என்ற திரவ ஆர்கான் கருவியை வைத்தார்கள். அதில் எலெக்ட்ரானின் தடம் மோதிய புள்ளியிலிருந்தே தொடங்கும். ஒளித்துகள் என்றால் சற்று இடைவெளி விட்டுத் தொடங்கும். 2021இல் அது எலெக்ட்ரான் உபரி இல்லை என்றது; 2025இல் ஒற்றை ஸ்டெரைல் நியூட்ரினோ என்ற எளிய விளக்கத்தையும் 95 சதவீத உறுதியோடு தள்ளியது. அந்த எளிய கதை முடிந்தது என்றுதான் நானும் சொல்வேன். மினிபூன் பார்த்த உபரி என்ன என்ற கேள்வி முடியவில்லை. ரஷ்யாவின் பக்சான் சுரங்கத்தில் பெஸ்ட் சோதனை காலியத்தில் பதித்த சுமார் இருபது சதவீத நியூட்ரினோக் குறைபாடும் அப்படியே நிற்கிறது. பெயர் செத்துவிட்டது, பார்த்தது சாகவில்லை.

கோலாருக்கும் இதே நடைமுறைதான். பெயரைத் தனியாக எடுத்து வை, பார்த்ததைத் தனியாக எடுத்து வை. 2014இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் 'பிரமாணா' இதழில் கோலார் படங்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவை கரும்பொருள் (டார்க் மேட்டர்) துகளின் சிதைவாக இருக்கலாம். நிறை 5 முதல் 10 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட். ஆயுள் பிரபஞ்சத்தின் வயதை ஒட்டி என்றார்கள். துணிச்சலான யோசனை. நியூட்ரினோவே தேவையில்லை என்பதால் முடுக்கிச் சோதனைகளின் மறுப்பு இதைத் தீண்டாது.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் எனக்கு இது செரிக்கவில்லை. நம் சுற்றுவட்டாரத்தில் கரும்பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.3 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் என்பது பொதுவாக ஏற்றுக்கொண்ட கணக்கு. துகள் ஒன்று 5 என்றால், ஒரு கன மீட்டரில் 60,000 துகள். கோலார் கருவியைச் சுற்றி இருந்த காற்று நூறு கன மீட்டர் என்று பேச்சுக்கு வைத்தால், அதில் 60 லட்சம். ஆயுள் 1,380 கோடி ஆண்டு. வகுத்தால் 2,300 ஆண்டுக்கு ஒரு சிதைவு. கோலாரில் தெரிந்ததுபோல இரண்டு ஆண்டுக்கு ஒன்றாவது வேண்டுமென்றால் அடர்த்தி ஆயிரம் மடங்கு கூட வேண்டும். கோலார் சுரங்கத்தைச் சுற்றி மட்டும் கரும்பொருள் ஏன் குவிய வேண்டும்?

விளக்கம் நிற்காவிட்டாலும் அவர்கள் காட்டிய வழி நிற்கிறது. இந்த நிகழ்வு எடையைப் பொறுத்ததல்ல என்றால், காலி இடத்தைப் பொறுத்தது. பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட குகை 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம். ஐகால் கருவியே 48 மீட்டர் நீளத்தில் 50,000 டன் இரும்பு. அது அடைத்தது போக, 50,000 கன மீட்டருக்கு மேல் வெறும் காற்று மிஞ்சும். குகைச் சுவர்களிலும் உணர்கருவி பதித்தால் அந்தக் காற்று முழுவதையும் காவல் காக்கலாம் என்று தாஷ், தத்தார், மஜூம்தார் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். கோலாரில் நூறு கன மீட்டரில் இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், இங்கே ஆண்டுக்கு 250 வர வேண்டும். என் அனுமானம் பத்து மடங்கு தப்பென்றாலும் 25 வரும். வந்தால் வந்தது, ஒன்றும் வராவிட்டால் கோலார் கணக்கை மூடிவிடலாம். கோட்பாடே தேவையில்லாத தேர்வு இது. எனக்குப் பிடித்ததும் அதனால்தான்.

எதிர்ச்சான்று ஒன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் எடை சாய்ந்துவிடும். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில் மேக்ரோ என்ற பெரிய கருவி 1989 முதல் 2000 வரை காந்த ஒற்றைமுனையைத் தேடிக்கொண்டிருந்தது. அதன் மேல்பாதி உள்ளீடற்றது, சுற்றிலும் உணர்கருவி. கோலார் போன்ற அறிவிப்பு அங்கிருந்து வரவில்லை. தண்ணீர்த் தொட்டிகளின் மௌனத்தைவிட இந்த மௌனம் எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கு என்னைப் பந்தயம் கட்டச் சொன்னால், கோலார் நிகழ்வுகள் புதுத் துகள் அல்ல என்ற பக்கம்தான் கட்டுவேன். ஆனால் கட்டுரையில் 'இல்லை' என்று எழுத மாட்டேன். பந்தயம் கட்டுவது வேறு, தீர்ப்பெழுதுவது வேறு.

பொட்டிப்புரத்தில் குகை வரவில்லை. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அறிக்கை தயாரித்த அமைப்புக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை என்பது போன்ற காரணங்களால் 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் அனுமதி மறுபடி வந்தது, வழக்கும் கூடவே வந்தது. இதற்கிடையே அந்த வட்டாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் 2021இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு இந்தத் திட்டம் வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. இயற்கையிடம் அத்தனை கறாராகச் சான்று கேட்கிற நாங்கள், பாறை வெடிக்கும்போது கிணறும் அணையும் என்னாகும் என்று ஊர்க்காரர்கள் கேட்ட சான்றைக் காலத்தோடு, அவர்கள் நம்பும் கையால் கொடுக்கவில்லை. என் சக ஊழியர்களுக்கு இது கசக்கும், இருந்தாலும் என் எண்ணம் இதுதான். ஐகால் முதன்மையாகத் தேட இருந்த நியூட்ரினோ நிறை வரிசையை, 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய சீனாவின் ஜூனோ இப்போது தேடிக்கொண்டிருக்கிறது. ஜூனோவும் திரவம் நிரப்பிய உருண்டைதான். அதற்குள் காற்று கிடையாது.

தேனி, போடி, உத்தமபாளையம் பக்கம் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 1975 கட்டுரையை முதலில் எடுத்துப் படியுங்கள், சின்னக் கட்டுரைதான். படங்களைப் பார்த்து, கோடுகளை நீங்களே பின்னோக்கி நீட்டி, புள்ளி எங்கே விழுகிறது, பிசகு எவ்வளவு என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2014 கட்டுரையை அதற்குப் பிறகு படியுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.